சுக்கான் எங்க நிக்குதுன்னு யாரு சொல்றது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க மாணவர் பக்கத்துல ஸ்கூல் பசங்க செஞ்ச ரோபோ கை பத்தி வந்த கட்டுரையை முழுசா படிச்சேன், பசங்க உழைப்பைப் பார்த்து மனசு நெறஞ்சு போச்சு, ஆனா அதுல ஒரு வரி மட்டும் ராத்திரி பூரா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சர்வோ மோட்டார்னா நாம சொல்ற கோணத்துக்கு கரெக்டா போய் நிக்கிற மோட்டார்னு எழுதியிருந்தீங்க. தப்புன்னு சொல்ல வரல ஐயா. ஆனா போய் நின்னுச்சான்னு யாரு பார்த்தா? அதைச் சொல்லாம சர்வோ பத்திப் பேச்சை முடிக்கவே கூடாது. நான் 30 வருஷத்துக்கு மேல சரக்குக் கப்பல்ல எலக்ட்ரிகல் ஆபீசரா இருந்தவன், கப்பல்ல எங்களை 'பத்தி சாப்', அதாவது லைட்டுக்கார ஐயான்னு கூப்பிடுவாங்க, லைட்டுலேருந்து லிஃப்ட் வரைக்கும் எல்லாம் எங்க தலையில. அதுல நான் ரொம்ப பயந்து பயந்து பார்த்த சாமான் எதுன்னு கேட்டீங்கன்னா கப்பலை ஓட்டுற அறையில, பிரிட்ஜ்னு சொல்லுவோம், அங்க கண்ணுக்கு நேரா மாட்டியிருக்கிற ஒரு முள்ளுதான். சுக்கான், அதாவது கப்பலைத் திருப்புற பின்பக்கப் பலகை, எத்தனை டிகிரி திரும்பியிருக்குன்னு காட்டுற முள்ளு.

எங்க ஊரு தூத்துக்குடி. சின்ன வயசுல தோணியில சுக்காணி உக்காந்திருக்கிறதைப் பார்த்திருக்கேன், சுக்கான் கட்டை அவர் கையிலேயே இருக்கும், எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியிருக்கு தண்ணி எவ்வளவு தள்ளுதுன்னு அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம், உள்ளங்கையே சொல்லிடும். பெரிய கப்பல்ல அது கிடையாது. வீல் பிடிக்கிறவன் அஞ்சாறு மாடி உயரத்துல ஏசி ரூம்ல நிக்கிறான், சுக்கான் பின்னாடி கீழே தண்ணிக்குள்ள, நடுவுல ஹைட்ராலிக் பம்ப், வால்வு, நூறு மீட்டருக்கு மேல வயர். அவன் கையில இருக்கிற வீல் குட்டியா கார் ஸ்டியரிங் மாதிரி இருக்கும், அதைத் திருப்பினா ஒரு பாரமும் தெரியாது. அப்ப சுக்கான் நிஜமா எங்க நிக்குதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோணத்தை வயர் வழியா மேலே கொண்டு வர்ற சாமானுக்குப் பேருதான் சின்க்ரோ. இந்தப் பேரை இப்ப இன்ஜினியரிங் படிக்கிற பசங்க நிறைய பேர் கேள்விப்பட்டதே இல்லைன்னு சொல்றாங்க, அதான் இவ்வளவு நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

சின்க்ரோ பார்க்கிறதுக்கு சின்ன மோட்டார் மாதிரியே இருக்கும். நடுவுல சுத்துற பாகம் ரோட்டர், அதுல ஒரே ஒரு வைண்டிங், அதாவது கம்பிச் சுருள், ஸ்லிப் ரிங் பிரஷ் வழியா அதுக்கு சிங்கிள் பேஸ் ஏசி சப்ளை, பெரும்பாலும் 115 வோல்ட். சுத்தி அசையாம நிக்கிற ஸ்டேட்டர்ல மூணு வைண்டிங், ஒண்ணுக்கு ஒண்ணு 120 டிகிரி தள்ளி, மூணோட ஒரு முனையும் உள்ளே ஒண்ணா சேர்ந்த ஸ்டார் கனெக்ஷன். ஆக மொத்தம் அஞ்சு வயர், ஆர்1 ஆர்2 ரோட்டருக்கு, எஸ்1 எஸ்2 எஸ்3 ஸ்டேட்டருக்கு. மூணு வயர் வெளியே வருதுன்னதும் பசங்க உடனே இது மூணு பேஸ்னு நினைச்சுக்கறாங்க, இதை நான் எத்தனை பேருக்குத் திருத்திச் சொல்லியிருக்கேன்னு கணக்கே இல்ல. மூணு பேஸ் கிடையாது ஐயா. பார்க்க மோட்டார், செய்யறது டிரான்ஸ்பார்மர் வேலை. ரோட்டர் கரண்ட் குடுக்கிற பக்கம், பிரைமரி, ஸ்டேட்டர்ல இருக்கிற மூணும் வோல்டேஜ் வாங்குற பக்கம், செகண்டரி. ரோட்டர் எந்த வைண்டிங்குக்கு நேரா பார்த்துக்கிட்டு நிக்குதோ அதுல வோல்டேஜ் ஜாஸ்தி, குறுக்கா நின்னா பூஜ்யம், எதிர்ப்பக்கம் பார்த்தா தலைகீழா. மூணு வோல்டேஜும் ஒரே நேரத்துலதான் ஏறும் இறங்கும், அளவுதான் மாறும், திசைதான் மாறும். கோணம் ஒளிஞ்சிருக்கிறது அந்த அளவுலதான்.

ஒரு கணக்கு சொல்றேன், பசங்க மீட்டர் வச்சே பார்த்துக்கலாம். 115 வோல்ட் சின்க்ரோவுல ரெண்டு ஸ்டேட்டர் வயருக்கு நடுவுல அதிகபட்சம் 90 வோல்ட் வரும், அப்படின்னா ஒரு வைண்டிங்குக்கு 52. ரோட்டர் எஸ்2க்கு நேரா, அதாவது பூஜ்யத்துல இருக்கும்போது எஸ்2 வைண்டிங்ல முழு 52, மத்த ரெண்டுலயும் 26, அதுவும் எதிர்த்திசையில. அதனால எஸ்1க்கும் எஸ்3க்கும் நடுவுல மீட்டர் வச்சா சுத்தமா பூஜ்யம் காட்டும், எஸ்2லேருந்து எஸ்1க்கு வச்சா 78. இப்ப ரோட்டரை 30 டிகிரி திருப்புங்க, எஸ்2ல 45, ஒரு பக்கம் பூஜ்யம், இன்னொரு பக்கம் எதிர்த்திசையில 45. எந்தக் கோணத்துல நிறுத்தினாலும் மூணையும் கூட்டினா பூஜ்யம்தான் வரும், ஆனா எந்த ரெண்டு கோணத்துக்கும் இந்த மூணு அளவும் ஒண்ணா இருக்கவே இருக்காது. ஒரு முழுச் சுத்துக்கு 360 டிகிரியும் மூணே வயர்ல. சிப் இல்ல, புரோகிராம் இல்ல, செம்பும் இரும்பும்தான். இதை முதல் தடவை புரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கல.

சுக்கான் பக்கத்துல இருக்கிற சின்க்ரோவுக்கு டிரான்ஸ்மிட்டர்னு பேரு. இதே மாதிரி இன்னொண்ணு பிரிட்ஜ்ல இருக்கும், அது ரிசீவர். ரெண்டு ரோட்டருக்கும் ஒரே சப்ளை, ரெண்டு ஸ்டேட்டரையும் எஸ்1க்கு எஸ்1, எஸ்2க்கு எஸ்2ன்னு மூணு வயர்ல கட்டிடணும். ரெண்டு ரோட்டரும் ஒரே கோணத்துல இருந்தா ரெண்டு பக்கத்து வோல்டேஜும் சமமா முட்டிக்கும், கரண்ட் ஓடாது, எல்லாம் அமைதி. கீழே சுக்கான் திரும்பி டிரான்ஸ்மிட்டர் ரோட்டர் கொஞ்சம் நகர்ந்துட்டா சமம் கெட்டுப் போகும், வயர்ல கரண்ட் ஓடும், அந்தக் கரண்ட் ரெண்டு ரோட்டரையும் ஒரே கோணத்துக்குக் கொண்டு வரப் பார்க்கும். ரெண்டு பக்கமும் இழுக்கும், ஆனா கீழே இருக்கிறது சுக்கான் தண்டோட கம்பியில பூட்டிக் கிடக்கு, அது அசையாது, அதனால மேலே முள்ளு நகர்ந்து போய் சேர்ந்துக்கும். போற வேகத்துல தாண்டி ஆடாம இருக்க ரிசீவருக்குள்ள ஒரு டாம்பர் வச்சிருப்பாங்க, டிரான்ஸ்மிட்டருக்கும் ரிசீவருக்கும் பெரிய வித்தியாசமே அதுதான். இன்னொரு பெரிய விஷயம், கரண்ட் போயி திரும்ப வந்தா சின்க்ரோ உடனே சரியான கோணத்தைக் காட்டிடும். இப்ப கம்ப்யூட்டர் ஓட்டுற சிஎன்சி மெஷின்ல கோணத்தை எண்ணிச் சொல்ற எத்தனையோ என்கோடருக்கு பேட்டரி செத்துப் போச்சுன்னா பொசிஷன் மறந்து போயி மறுபடி ஹோம், அதாவது ஆரம்ப இடம், எடுக்கணும், அந்தத் தலைவலி இதுல கிடையவே கிடையாது.

ஆனா வயரை மாத்திக் கட்டிட்டா என்ன ஆகும்னு கேளுங்க, அதுதான் நான் வாழ்க்கையில மறக்காத பாடம். நான் ஜூனியரா இருந்தப்ப ஒரு கப்பல் டிரைடாக், அதாவது தண்ணியை வடிச்சு ரிப்பேர் பார்க்கிற இடம், போயி வெளியே வந்துச்சு, சுக்கான் இண்டிகேட்டர் கேபிள் புதுசா போட்டிருந்தாங்க. சப்ளை போட்டோம், சுக்கான் மிட்ஷிப்ல, அதாவது நேரா நடுவுல இருக்கு, முள்ளும் பூஜ்யத்துல அழகா நிக்குது. நான் பெட்டியை மூடி ஸ்க்ரூ போட ஆரம்பிச்சுட்டேன். எனக்கு மேல இருந்த மலையாளி சேட்டன் வேணாம்னு கையைப் பிடிச்சு நிறுத்தி, பூஜ்யத்துல சரியா இருந்தா ஒண்ணும் நிரூபணம் ஆகாது, ரெண்டு பக்கமும் திருப்பிப் பாருன்னார். வீலைப் போர்ட் 10, அதாவது இடது பக்கம் 10 டிகிரி திருப்பினாங்க, கீழே சுக்கான் இயந்திரம் இருக்கிற ஸ்டியரிங் ஃப்ளாட்லேருந்து வாக்கிடாக்கியில போர்ட் 10னு சொல்றான், பிரிட்ஜ்ல முள்ளு ஸ்டார்போர்ட் 10, வலது பக்கம் காட்டுது. எனக்குக் கை காலெல்லாம் வேர்த்துருச்சு. எஸ்1ம் எஸ்3ம் இடம் மாறியிருந்துச்சு, அவ்வளவுதான். அப்படி மாறினா பூஜ்யத்துல ஒரு தப்பும் தெரியாது, நகர்ந்தா மட்டும் எதிர்ப்பக்கம் போகும். ஆர்1 ஆர்2 மாறியிருந்தா 180 டிகிரி தள்ளி நிக்கும், அது குழந்தைக்கும் தெரிஞ்சிடும். இது தெரியாது. அப்படியே ஹார்பர்லேருந்து கிளம்பியிருந்தா ஒரு நெருக்கடியில வீல் பிடிக்கிறவன் முள்ளை நம்புவானா கையை நம்புவானா, அந்த ஒரு நிமிஷத்துல என்ன வேணாலும் நடந்திருக்கும்.

அதனாலதான் சோலாஸ்னு நாடு விட்டு நாடு போற கப்பல்களுக்குப் பொதுவான பாதுகாப்பு விதியில கிளம்புறதுக்கு முன்னாடி 12 மணி நேரத்துக்குள்ள ஸ்டியரிங் கியரை முழுசா திருப்பிப் பார்க்கணும், முள்ளு காட்டுறதையும் சுக்கான் நிஜமா நிக்கிற இடத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கணும்னு வச்சிருக்காங்க. ஒரு பக்கம் 35 டிகிரியிலேருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 செகண்டுக்குள்ள வந்து சேரணும், அதுவும் கப்பல் முழு லோடோட முழு வேகத்துல போகும்போது. அதே விதியில இன்னொரு வரி இருக்கு, அதைத்தான் உங்க கட்டுரைக்குப் பதிலா சொல்ல ஆசைப்பட்டேன். சுக்கான் கோணத்தைக் காட்டுற இண்டிகேட்டர் ஸ்டியரிங் கன்ட்ரோலோட சேராம தனியா இருக்கணும். ஏன்னு பாருங்க. சுக்கானைத் திருப்புற கன்ட்ரோலுக்கும் ஒரு பீட்பேக், அதாவது சுக்கான் எங்க வந்துச்சுன்னு திரும்பிச் சொல்ற தகவல், உண்டு, அதுவும் சுக்கான் தண்டுல ஒரு கம்பியிலதான் மாட்டியிருக்கும். அந்தக் கம்பி நழுவிட்டா, சுக்கான் சரியான இடத்துல இருக்குன்னு கன்ட்ரோல் தப்பா நம்பும், முள்ளும் அதே பீட்பேக்லேருந்து வந்தா அதுவும் சேர்ந்து பொய் சொல்லும், ரெண்டும் ஒத்துப் போகுதேன்னு ஆளு நிம்மதியா இருப்பான். வேலை செய்யறவனே சாட்சியாவும் நிக்கக் கூடாதுன்னு வச்சாங்க பாருங்க, அது எத்தனை பேர் உயிரைக் காப்பாத்தியிருக்கும்.

தூரத்துல நிக்கிற ஒண்ணோட நிலையை வயர்ல கொண்டு வர்றது இன்னிக்கு நேத்து வந்த யோசனை இல்ல. 1914 ஆகஸ்ட் 15 பனாமா கால்வாய் திறந்தாங்க, அதுல லாக், அதாவது தண்ணியை ஏத்தி இறக்கி கப்பலை மேலே கீழே கொண்டு போற தொட்டி, அதோட கதவு ஒவ்வொண்ணும் 65 அடி அகலம், 7 அடி கனம். ஒவ்வொரு லாக் தொகுதியிலயும் அதையெல்லாம் ஒரே கன்ட்ரோல் ரூம்லேருந்து ஒரு ஆள் இயக்கணும். அதுக்கு ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனி லாக்கோட குட்டி மாதிரி ஒரு மேஜையே செஞ்சு குடுத்துச்சு, வெளியே நிஜக் கதவு நகர நகர மேஜை மேல குட்டிக் கதவும் கூடவே நகரும், தண்ணி மட்டமும் அப்படியே ஏறும் இறங்கும். உள்ளே இருந்தது சின்க்ரோவோட மூத்த வடிவம், பின்னாடி செல்சின்னு பேர் வந்துச்சு. மேஜைக்கு அடியில இரும்புக் கம்பியால இன்டர்லாக் போட்டு தப்பான வரிசையில சுவிட்சைத் திருப்ப முடியாதபடியும் செஞ்சிருந்தாங்க. 1914ல இதை யோசிச்சவங்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

இப்ப சர்வோவுக்கு வர்றேன். சின்க்ரோ ரிசீவருக்கு முள்ளைத் திருப்புற அளவுக்குத்தான் சக்தி, பெரிய ஆன்டெனாவையோ பீரங்கியையோ அது திருப்பாது. அப்ப என்ன செய்வாங்கன்னா ரிசீவருக்குப் பதிலா கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர்னு இன்னொரு சின்க்ரோ மாட்டுவாங்க, அதோட ரோட்டருக்கு சப்ளை குடுக்கிறதில்ல, அதுலேருந்து எடுக்கிறது. போக வேண்டிய கோணத்துக்கும் இப்ப நிக்கிற கோணத்துக்கும் வித்தியாசம் இருந்தா அதுல ஒரு வோல்டேஜ் வரும், வித்தியாசம் இல்லைன்னா பூஜ்யம், இந்தப் பக்கம் விலகினா ஒரு பேஸ், அந்தப் பக்கம் விலகினா நேர் எதிர் பேஸ். இந்த வித்தியாசத்தை நாங்க தப்புன்னு சொல்லுவோம், அந்தத் தப்பு வோல்டேஜை ஆம்ப்ளிஃபையர்ல பெருக்கி ரெண்டு பேஸ் சர்வோ மோட்டாரோட ஒரு வைண்டிங்குக்குக் குடுப்பாங்க, இன்னொரு வைண்டிங்குக்கு 90 டிகிரி தள்ளின நிரந்தர சப்ளை. தப்பு எந்தப் பக்கமோ மோட்டார் அதைக் குறைக்கிற பக்கமா சுத்தும், லோடைத் திருப்பும், அந்த லோடோட கியர்ல கோர்த்த கன்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் ரோட்டரும் கூடவே திரும்பும், தப்பு பூஜ்யமானதும் மோட்டார் நின்னுடும். மோட்டாருக்கு எங்க நிக்கணும்னு தெரியாது ஐயா, இன்னும் தப்பு பாக்கி இருக்கான்னு மட்டும்தான் தெரியும். இன்னும் நுணுக்கமா வேணும்னா ஒரே தண்டுல ரெண்டு சின்க்ரோ வைப்பாங்க, ஒண்ணு தண்டோடவே ஒரு சுத்து, இன்னொண்ணு கியர் போட்டு 36 சுத்து, முதலாவது எந்தத் தெருன்னு சொல்லும், ரெண்டாவது எந்த வீடுன்னு சொல்லும்.

சர்வோங்கிற யோசனை பொறந்ததே கப்பல் ஸ்டியரிங்லதான்னு சொன்னா பசங்க நம்ப மாட்டாங்க. 1860கள்ல கிரேட் ஈஸ்டர்ன்னு ஒரு ராட்சசக் கப்பலுக்கு மெக்ஃபார்லேன் கிரேன்னு ஒரு இன்ஜினியர் நீராவி ஸ்டியரிங் செஞ்சார், வீல் சொன்ன இடத்துக்கு சுக்கான் வந்ததும் நீராவி வால்வு தானா மூடிக்கிற மாதிரி. பிரான்ஸ்ல ஃபார்கோன்னு ஒருத்தர் இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு சர்வோ மோட்டார்னு பேரே வச்சார், லத்தீன்ல அடிமைன்னு அர்த்தம் வர்ற சொல்லுலேருந்து. அப்புறம் 1922ல மினார்ஸ்கின்னு ஒரு இன்ஜினியர், இவர் கெட்டிக்கார சுக்காணி எப்படி ஓட்டறான்னு கவனிச்சு கணக்காவே எழுதிட்டார். நல்ல சுக்காணி கப்பல் எவ்வளவு விலகியிருக்குன்னு மட்டும் பார்க்க மாட்டான், எவ்வளவு வேகமா திரும்பிக்கிட்டு வருதுன்னும் பார்த்து, சேர வேண்டிய திசைக்கு வர்றதுக்கு முன்னாடியே எதிர் சுக்கான் குடுத்துப் பிடிச்சு நிறுத்துவான். புதுப் பையன் வந்து சேர்ந்தப்புறம்தான் திருப்புவான், கப்பல் பாம்பு மாதிரி நெளிஞ்சு போகும். சர்வோவுலயும் அதே கதைதான், வேகத்தைப் பார்க்காத சர்வோ இடத்தைத் தாண்டித் தாண்டி ஆடும், அதை ஹண்டிங்னு சொல்லுவோம், அதை அடக்கத்தான் சுத்துற வேகத்தை வோல்டேஜா சொல்ற டேக்கோ ஜெனரேட்டர் பீட்பேக். இன்னிக்கு எல்லாரும் கன்ட்ரோல் கணக்குல பிஐடி பிஐடின்னு சொல்றாங்களே, அதுல தப்பு மாறுற வேகத்தைப் பார்க்கிற கடைசி எழுத்து நம்ம சுக்காணி கையிலேருந்து வந்தது.

இப்ப பசங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்குற நீலக்கலர் குட்டி சர்வோவைப் பாருங்க. அதுக்குள்ளயும் இதேதான், ஒரு டிசி மோட்டார், பிளாஸ்டிக் கியர், வெளியே வர்ற தண்டோட சேர்ந்து திரும்பி கோணத்தை வோல்டேஜா சொல்ற ஒரு பொட்டென்ஷியோமீட்டர், ஒரு சின்ன சர்க்யூட். செகண்டுக்கு 50 பல்ஸ் அனுப்பறோம், பல்ஸ் அகலம் 1.5 மில்லி செகண்டுனா நடுவுல நிக்கும், 1க்கும் 2க்கும் நடுவுல அகலத்தை மாத்தினா கோணம் மாறும். ஆனா அந்த சிக்னல் வயர் ஒருவழிப் பாதை. கை எதுலயோ மாட்டிக்கிட்டு நின்னாலும் அதை ஓட்டுற ஆர்டுயினோங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டுக்குத் தெரியாது, மோட்டார் சூடாகி கியர் பல்லு போற வரைக்கும் தெரியாது. ஆர்டுயினோவோட சர்வோ லைப்ரரியில, அதாவது ரெடிமேட் புரோகிராம்ல, ரீட்னு ஒரு கமாண்ட் இருக்கே, அதைப் போட்டா நிஜக் கோணம் வருதுன்னு பசங்க நம்பறாங்க, அது நாம கடைசியா எழுதின எண்ணைத்தான் திருப்பிச் சொல்லும்! எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு இதைக் காட்டினேன், கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 90னு அனுப்பினோம், கை 40ல நிக்குது, ஸ்க்ரீன்ல 90னு வருது, அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும். படிப்படியா நகர்ற ஸ்டெப்பர் மோட்டார் வச்ச 3டி பிரின்டரும் இதே ஜாதிதான், ஹெட் எங்கயாவது முட்டி ஒரு ஸ்டெப் விட்டுட்டா அதுக்கு மேல வர்ற லேயர் பூரா தள்ளி நிக்கும், பெரும்பாலும் மெஷினுக்கு அது தெரியவே தெரியாது.

இதையெல்லாம் நான் பழசு பெருமைக்காக எழுதல. சின்க்ரோவோட தங்கச்சி ரிசால்வர், மூணு வைண்டிங்குக்குப் பதிலா 90 டிகிரி தள்ளி ரெண்டு, இப்ப ஓடுற பல எலக்ட்ரிக் கார் மோட்டாருக்குள்ள ரோட்டர் எங்க நிக்குதுன்னு சொல்றது அதுதான், சூடு அதிர்ச்சி எண்ணெய் எல்லாத்தையும் தாங்கும்கிறதாலதான் அதை வைக்கிறாங்க. அதனால என் வருத்தத்தைச் சொல்றேன். நம்ம மாநிலத்துல பல காலேஜ் கன்ட்ரோல் லேப்ல சின்க்ரோ ஜோடி வச்சு ஒரு பரிசோதனை இருந்துச்சு. சமீபத்துல ஒரு காலேஜுக்கு லேபைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாங்க, போன இடத்துல ரெண்டு நல்ல சின்க்ரோ செட்டு தூசி பிடிச்சு மூலையில கிடக்கு, காயலான் கடைக்கு எடை போட எடுத்து வச்சிருக்கோம்னு சொன்னாங்க. தண்டைத் திருப்பிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி சுத்துது. எனக்கு அழுகையே வந்துருச்சு ஐயா. புதுசா வாங்கின கிட்டெல்லாம் பெட்டிக்குள்ள மூடிக் கிடக்கு, உள்ளே என்ன நடக்குதுன்னு கண்ணால பார்க்க வழியில்ல, கண்ணால பார்க்கக் கூடியது எடைக்குப் போகுது.

தயவு செஞ்சு உங்க மாணவர் பக்கத்துல ஒரு தடவை இதைப் பத்திப் போடுங்க, லேப் வச்சிருக்கிற ஆசிரியர்களும் அந்த செட்டை விக்காம ஒரு நாள் மேஜை மேல எடுத்து வைங்க. ரெண்டையும் அஞ்சு வயர்ல கட்டி ஒரு பையனை இதோட தண்டையும் ஒரு பொண்ணை அதோட தண்டையும் பிடிக்கச் சொல்லுங்க, ஒருத்தர் திருப்பினா இன்னொருத்தர் விரல்ல அந்த இழுப்பு அப்படியே தெரியும், தோணி சுக்காணி கையில தெரிஞ்ச மாதிரி. அப்புறம் எஸ்1 எஸ்3 மாத்திக் கட்டிட்டு பூஜ்யத்துல நிறுத்தி எல்லாம் சரியா இருக்கான்னு கேளுங்க, சரின்னு சொல்லுவாங்க, அதுக்கப்புறம் திருப்பச் சொல்லுங்க. ஒண்ணு மட்டும் கவனம், சப்ளை போடுறதுக்கு முன்னாடி நேம் பிளேட்டைப் படிங்க, விமானத்துலேருந்து வந்த 400 ஹெர்ட்ஸ் செட்டா இருந்தா நம்ம 50 ஹெர்ட்ஸ் லைன்ல அதே வோல்டேஜ் குடுத்தா கரண்ட் ஏகமா இழுத்து வைண்டிங் எரிஞ்சு போகும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கப்பல் எலக்ட்ரிகல் ஆபீசர்,
தூத்துக்குடி.